நனைந்த துவக்குகள்

அண்ணை,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஹீற்றரின் மேல் காயப் போட்டிருந்த மண்டரின் தோடம்பழத் தோல்களைப் புரட்டிவிட்டேன். முகம் கழுவவில்லை, தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை. மார்கழி பிறந்து கடைகளில் மண்டரின் குவியத் தொடங்கினால் பணியாளர் சமையலறையின் ஹீற்றரை நீங்கள் யாருக்கும் விடமாட்டீர்கள். ஈரக் கையுறையைக் காயவைக்க வருகிறவர்களை அகப்பையோடு துரத்துவீர்கள். தோல் சுருண்டு கறுக்கும்போது எழும் கசப்பும் இனிப்புமான அந்த மணம் இப்போது என் அறை முழுக்க நிற்கிறது.

என் கணவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டே, "இஞ்சாரும், இது தமிழ்ச் சனத்தின்ர அறையோ, சீனக் கடையோ?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றேன். சிரித்துக்கொண்டு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நீங்கள் போனபின் சுவிஸ் மலையூரான இந்த டாவோசில் இது இரண்டாவது பனிக்காலம். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உயிரோடு இருந்த காலத்திலும் தெரியாது. ஆகவே உங்களுக்கு இப்போது எழுதுவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. நாம் இருவரும் கதைத்தது உடைந்த ஜெர்மனில். அதை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். உங்கள் வாய்க்கு அதுதான் பொருந்தும்.

நாங்கள் அந்த ஹோட்டலுக்கு வந்தபோது நீங்கள் அங்கே பழைய ஆள். பணியாளர்களுக்குச் சமைப்பவர். தென்சீனாவில் கன்ரனுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்து, ஹொங்கொங் போய், கப்பல்களில் சமைத்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். நான் யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்துவிட்டு, இங்கே படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும் எங்கள் பொடியள் உங்களைச் 'சீன அண்ணை' என்றார்கள். அண்ணை என்றால் என்ன என்று என்னிடம் கேட்டீர்கள். சொன்னேன். கூடப் பிறந்தவர் யாருமில்லாத உங்களுக்கு அன்று முழுக்க வாய் மூடவில்லை. அந்த வாரமே 'ஓம்', 'கெதியா', 'சாப்பிட்டியளோ' மூன்றையும் பிடித்துக்கொண்டீர்கள். என்னை மட்டும் ஜெர்மனில் 'லேறரின்' என்று கூப்பிட்டீர்கள். ஆசிரியை. விரிப்புக் கூடையோடு நான் நடக்கும்போது முகாமையாளர் காதில் விழும்படி அதை உரக்கச் சொல்வதில் உங்களுக்கு ஒரு சந்தோஷம்.

மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே வரும் ஓய்வு நேரத்தில்தான் நாம் கதைத்தோம். மற்றவர்கள் படுக்கப் போய்விடுவார்கள். நீங்கள் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுக் கீரை ஆய்வீர்கள். ஒருநாள் செய்தியில் பிரித்தானியரும் சீனரும் பெரிய மேசையில் கையெழுத்திட்டார்கள். ஹொங்கொங்கைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம்.

"எடுக்கேக்கை என்ர பூட்டனைக் கேக்கேல்லை. குடுக்கேக்கை என்னையும் கேக்கேல்லை" என்றீர்கள்.

"எடுத்த கதை எனக்குத் தெரியும், அண்ணை. நான் படிப்பிச்சது."

"அப்ப படிப்பி."

நான் கரும்பலகைக்கு முன் நின்றதுபோல அபின் யுத்தத்தைத் தொடங்கினேன். தேயிலைக்குப் பிரித்தானியர் வெள்ளியாக விலை கொடுத்தார்கள். வெள்ளி கரைந்தது. இந்தியாவில் அபின் விளைவித்து, சீனச் சட்டம் தடுத்தும் கள்ளமாக இறக்கி விற்று, போன வெள்ளியைத் திரும்ப எடுத்தார்கள். பேரரசர் அனுப்பிய ஆணையர் அபின் பெட்டிகளைப் பறித்து அழித்தார். அதற்குப் போர்க்கப்பல்கள் வந்தன. சீனா தோற்றது. ஐந்து துறைமுகங்கள் திறந்தன, ஹொங்கொங் போனது. என் மாணவிகள் மனப்பாடம் செய்யும் அந்த ஐந்து பெயர்களையும் சொன்னேன். நீங்கள் கீரையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தீர்கள்.

"இது எந்த நாட்டு ஊர், லேறரின்?"

பிறகு ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள். ஒன்றுகூட என் வாயில் நிற்கவில்லை.

சிரிப்பு அடங்கியபின் உங்கள் பாட்டனாரைப் பற்றிச் சொன்னீர்கள். யுத்தம் முடிந்து பல காலத்துக்குப் பிறகும் அந்த அபின் புகை உங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. அவர் முதலில் வயலை விற்றார், பிறகு கதவை விற்றார்.

"கதவையோ?" என்றேன்.

"ஓம், கதவு. நல்ல மரம்."

பத்து வருடத்துக்கு மேலாக இந்தப் பாடத்தைக் கற்பித்திருக்கிறேன். கதவில்லாத ஒரு வீட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதிலுக்கு, எந்தத் தேர்விலும் வராத ஒன்றை நான் சொன்னேன். அந்த ஆணையர் அபினைக் குழிகளில் கொட்டி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விடுவதற்கு முன், நஞ்சைக் கலக்கப் போவதற்காகக் கடல் தெய்வத்துக்குப் படையல் வைத்து மன்னிப்புக் கேட்டார் என்று. நீங்கள் கத்தியைக் கீழே வைத்தீர்கள்.

"கடலிட்டையோ? எங்களிட்ட இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை."

மழைக் கதை வந்தது அடுத்த கோடையில். டாவோசில் மூன்று நாளாக விடாமல் மழை. உங்கள் ஊர்க்காரர் அந்த யுத்தத்தில் வென்ற ஒரே சண்டையைச் சொல்லத் தொடங்கினீர்கள். அந்நியப் படை வயல்களுக்குள் வந்தது. மண்வெட்டியும் ஈட்டியுமாக ஊர்கள் திரண்டன. இடி இடித்துக் கொட்டிய மழையில் அவர்களின் துவக்குகள் நனைந்து வெடிக்காமல் போயின. "அதுக்குள்ளை மாட்டினது முழுக்கக் கறுப்புப் பேய்..." என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்தினீர்கள்.

எனக்கு அந்த இடம் தெரியும். பல்கலைக்கழக நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரே ஒரு பந்தியாக வாசித்திருந்தேன். வழி தவறி மழையில் அகப்பட்ட அந்தக் 'கறுப்புப் பேய்கள்', பிரித்தானியர் கொண்டுவந்த சென்னைப் படைப்பிரிவின் சிப்பாய்கள். உங்கள் கதையில் அது முழு வெற்றி. என் புத்தகத்தில், மழையிலும் வெடிக்கும் புதுத் துவக்குகளோடு வேறு வீரர்கள் வந்து அவர்களை மீட்டுப் போகிறார்கள்.

"சொல்லுங்கோ அண்ணை. அது எங்கட ஆக்கள்தான்" என்றேன்.

"யாழ்ப்பாணமோ?"

"இல்லை, கடலுக்கு அங்காலை. தமிழர், தெலுங்கர். ஆனால் அந்த மழையிலை ஆராவது 'அம்மா' எண்டு கத்தியிருந்தால், அது என்ர பாஷை."

நீங்கள் ஆய்ந்த கீரையையே திரும்பவும் ஆய்ந்தீர்கள். நான் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு கேட்டீர்கள்: "அவங்களுக்கு என்ன கிடைச்சது?"

"கொஞ்சம் கூடுதல் படிக்காசு. ஒரு பதக்கம். கனபேருக்குக் காய்ச்சல்."

"அபின் காசு?"

"இல்லை. அது வேற ஆக்களுக்கு."

நீங்கள் மூக்கால் சிரித்தீர்கள். "உன்ர பூட்டன் என்ர பூட்டன்ர வயலுக்கு நனையத்தான் வந்திருக்கிறான்."

அன்றிலிருந்து மழை பெய்யும் நாளெல்லாம் நான் சமையலறைக்குள் நுழைந்தால், "துவக்குக் காய்ஞ்சுதோ, லேறரின்?" என்பீர்கள். பொடியளுக்கு ஒன்றும் விளங்காது. நமக்குள் ஏதோ இருக்கிறது என்று என் கணவரிடம் பகிடி விட்டார்கள். "இருக்குது, ஒரு யுத்தம் இருக்குது" என்று அவர் சொன்னாராம்.

அதற்குப் பிறகுதான் பத்திரிகைகளில் தமிழர்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். ஹெரோயின் கொண்டுவருகிறவர்கள் என்று. ரயிலில் எங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கும். ஒரு காலை, தமிழர்கள் மட்டும் அவரவர் அலுமாரியைத் திறந்துவைத்து முன்னால் நிற்கவேண்டும் என்று முகாமையாளர் சொன்னார். நின்றோம். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஏப்ரனோடு வந்து, வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

"நீங்கள் போகலாம்" என்றார் முகாமையாளர்.

"அபின் தேடிறியள் எண்டால் என்னிட்டை இருந்து தொடங்குங்கோ. எங்கட வீட்டிலைதான் அது மூண்டு தலைமுறை குடியிருந்தது."

அவர் முகம் சிவந்தது. இருந்தாலும் தேடினார். ஒரு பொடியனின் பையில் ஏதோ தூள் அகப்பட, பொட்டலத்தைப் பிரித்து நன்றாக மோந்து பார்த்தார். ஊரிலிருந்து தாய் வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள். தும்மல் நின்றபோது தேடலும் நின்றது. அன்று மத்தியானம் எல்லோருக்கும் அந்தத் தூளைப் போட்டு நீங்கள் கோழி சமைத்தீர்கள். "இண்டைக்கு ஆணையர் அழிக்காமல் விட்டதைச் சாப்பிடுங்கோ" என்றீர்கள். எனக்கு மட்டும்தான் விளங்கியது. சிரித்துச் சிரித்து அழுதேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் நாம் யுத்தம் கதைக்கவில்லை. யன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தீர்கள். அதுவே போதுமாக இருந்தது.

இப்போது துணி அறைக்கு நான்தான் பொறுப்பு. கேட்டால் மேசையில் தட்டிச் சிரித்திருப்பீர்கள். இந்தப் பருவத்துக்குப் புதிதாகச் சில தமிழ்ப் பொடியள் வந்திருக்கிறார்கள். நேற்று முகாமையாளர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கோப்பி கொடுத்து உட்காரவைத்தார். அவர்கள் வேலையில் நிற்கும்போது வாரத்தில் ஒரு தடவை அவர்களின் அறைகளை நான் பார்க்கவேண்டுமாம். பை, மெத்தைக்குக் கீழே, வரும் கடிதங்கள். "உங்களுக்கு அவர்களின் மொழி தெரியும். உங்களை அவர்கள் நம்புவார்கள்" என்றார். எங்கள் பெவிலிகுங், அதாவது வதிவிட அனுமதி, இன்னும் முடிவாகவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதற்கு நல்லதாக ஒரு கடிதம் எழுதித் தருவாராம். நாளை பதில் சொல்லவேண்டும்.

இரவு என் கணவர் கேட்டார். "என்னவாம்?"

"பொடியளின்ர அறையளையும் பாக்கட்டாம்."

"நெடுக அறைதானே பாக்கிறீர். ஓம் எண்டு சொல்லும். பெவிலிகுங்குக்கு உதவும்."

துப்பரவு பார்க்கத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்; நான் முழுதாக விளக்கவில்லை. அவர் களைத்திருந்தார். அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த அறை, இந்த வேலை, ஒருவேளை இந்த நாடே இல்லாமல் போகலாம்.

இரவு முழுக்க அந்தச் சிப்பாய்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, உங்களுக்கும் இருக்கவில்லை. சென்னைக் கரையில் கப்பலேறும்போது, போகிறாயா என்று யாராவது அவர்களைக் கேட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் நான் அதை வாசிக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டிருக்கிறார்கள், அண்ணை. கோப்பி கொடுத்து, உட்காரவைத்து, இரண்டு நாள் அவகாசமும் தந்து கேட்டிருக்கிறார்கள்.

முடியாது என்று நாளை சொல்லப்போகிறேன். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அதற்குப் போதும். என் கணவருக்கு இதை இன்னும் சொல்லவில்லை.