எங்களுக்கு மட்டும்

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பூல்மணி நிற்கிறாள். ஜார்கண்டிலிருந்து எங்கள் ஏலத்தோட்டத்துக்கு வந்தவள். அவளும் வேதக்காரிதான். பாட்டு புரியாவிட்டாலும் முழங்காலில் நிற்பதில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. காய் எடுப்பிலும் அப்படித்தான், என் பக்கத்து வரிசை, எனக்குச் சமமாக எடுப்பாள். நாள் கூலி எனக்கு ஐந்நூறு, அவளுக்கு நானூறு. ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆகஸ்ட் 13

முதலாளி வந்தார். காய்க்கு நல்ல விலையாம், கூலி ஏற்றப்போகிறாராம். வடக்கத்தி ஆட்களையும் சேர்த்து எல்லாருக்கும் இருபத்தைந்து போடவா, ஊர் ஆட்களுக்கு மட்டும் ஐம்பது போடவா, நீங்களே சொல்லுங்கள் என்றார். மூத்தவள் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு மட்டும் போடுங்க முதலாளி. நேத்து வந்தவளும் நாங்களும் ஒண்ணா?"

எல்லாரும் சிரித்தார்கள். பூல்மணி குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக நம் பேச்சைக் கேட்கிறவள் – புரிந்திருக்குமோ?

ஆகஸ்ட் 14

புரிந்திருக்கிறது. இன்று என் பக்கத்து வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 22

ஏறின கூலியில் வீட்டில் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் துணி எடுத்தாயிற்று. சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? என்னமோ இல்லை.

ஜூலை 7, 2025

காய் எடுப்பு தொடங்கிவிட்டது. எங்களை ஏற்ற ஜீப் வரவில்லை. போன் போட்டால் ஆள் போதுமாம், இந்த வருஷம் முழுக்க வடக்கத்தி ஆட்கள்தானாம். கூட காய் எடுக்கிற மாரீஸ்வரி வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள்:

"நூத்தம்பது வித்தியாசத்துல எந்த மடையன் நம்மளக் கூப்பிடுவான்? ஒன் வாய்தாங்க்கா நம்மளக் கெடுத்துச்சு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். அவளுக்கும் சேர்த்து வைத்துவிட்டேன்.

ஜூலை 19

யாரிடமும் சொல்லாமல் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். நானூறுக்கே வருகிறேன் என்றேன். சரி என்று திங்கட்கிழமை வரச் சொன்னார். இது தெரிந்தால் மாரீஸ்வரி இனி என் முகத்தில் முழிப்பாளா? என்னையே கேட்டுக்கொள்கிறேன்: பிலோமி, நீ மனுஷிதானா?

ஜூலை 26, சனி

கூலி வாங்கினேன். நாளுக்கு எனக்கு நானூறு, பூல்மணிக்கு நானூற்று இருபது. போன வருஷ ஆட்களுக்கு இருபது கூட்டியிருக்கிறார்களாம், நான் புதுக் கணக்கில் சேர்ந்தவளாம். இருபத்திரண்டு வருஷம் காய் எடுத்த கை இது.

மதியம் அவர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் மரத்தடியில் தனியாகத் தூக்குச்சட்டியைத் திறந்தேன். பூல்மணி பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"அக்கா, இங்க வா."

போகக் கால் வரவில்லை.