இரண்டு மணிக்கு வா என்றவள் எழுதுவது

இன்று காலை பரணைச் சுத்தம் செய்யும்போது உன் அளவு பிளவுஸ் கிடைத்தது. அளவுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போனவர்களுடையதையெல்லாம் ஒரு பழைய தலையணை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இருபது முப்பது இருக்கும். உன்னுடையதைத் தேட வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் டூ பை டூ துணி, இடது அக்குளில் ஓர் ஒட்டு. அந்த ஒட்டு என் தப்பு. எந்தத் தையல்காரியும் தன் தப்பை மறக்க மாட்டாள்.

குரோம்பேட்டையில் நான் கடை போட்டு அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நீ பம்மலிலிருந்து நடந்தே வந்தாய். சட்டை, பேண்ட், தோள் தொடும் முடி. துணியை மேஜைமேல் வைத்தாய். எல்லாரிடமும் கேட்பதையே உன்னிடமும் கேட்டேன்.

“அளவு பிளவுஸ் எங்கே?”

“இல்ல யக்கா. இதான் ஃபர்ஸ்ட்டு.”

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தவள், உன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். டேப்பை எடுத்தேனே தவிர, உன்மேல் படாமல் இரண்டு விரல் தள்ளிப் பிடித்துத்தான் அளந்தேன். கை சுற்றளவை எடுக்கவே இல்லை, கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கூச்சமா, பயமா, அருவருப்பா என்று கேட்டால், மூன்றும்தான்.

அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். கையைத் தூக்க முடியவில்லை. “டேப்பு என்னைத் தொடவேயில்ல யக்கா. அப்பால அளவு எப்பிடி வரும்?” என்று சிரித்தாய். நீ சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேன். சிரித்தாயே, அதில்தான் மாட்டிக்கொண்டேன். மறுபடியும் அளந்தேன், இந்த முறை ஒழுங்காகத் தொட்டு. ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன்.

கொடுக்கும்போதே சொன்னேன்: “இனிமே ரெண்டு மணிக்கு வாம்மா. கூட்டம் இருக்காது, சாவகாசமாப் பார்க்கலாம்.” சாவகாசம் உனக்காக இல்லை. என் வாடிக்கைப் பெண்களெல்லாம் சாப்பிடப் போயிருக்கும் நேரம் அது. அவர்கள் கண்ணில் நீ படக் கூடாது, அவ்வளவுதான்.

நீயும் வந்தாய். எத்தனை வருடம், சரியாக இரண்டு மணிக்கு. என் தயிர்சாதத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு, நான் பிளவுஸ் அளவுக்கு வெட்டியது போக மிச்சமான பிரவுன் பேப்பரில் மனு எழுதுவாய். திருநங்கை என்பதால் யாருக்கோ வீடு கிடைக்கவில்லை, யாரையோ ஸ்டேஷனில் சும்மாவே பிடித்து வைத்திருக்கிறார்கள், யாருக்கோ ரேஷன் கார்டு இல்லை. தாம்பரத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாய். குடும்பத் தலைவர் யார் என்று ஒரு அதிகாரி கேட்டாராம். “ஆறு பேரு ஒண்ணா பொங்கித் துன்றோம் சார். அது குடும்பம் இல்லாம இன்னா?” என்று கேட்டுவிட்டு ஆபீஸ் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாயாம். கார்டு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. வந்ததும் முதலில் வாங்கிய ரேஷன் சர்க்கரையில் ஒரு பொட்டலம் எனக்குக் கொண்டுவந்தாய். அன்றும் இரண்டு மணிக்குத்தான்.

பிறகு மனுவோடு வேறு ஏதேதோ எழுத ஆரம்பித்தாய். உன் அம்மா உன் முடியை வெட்டிவிட்ட நாள், வீட்டைவிட்டு வந்து சானடோரியம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாள். நான் தைத்துக்கொண்டிருக்க, நீ படித்துக் காட்டுவாய். “மிஷின நிறுத்திட்ட பாரு. அப்ப இந்த எடம் நல்லா கீது” என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வாய். எனக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்? என் கால் நின்றதை வைத்து நீ தெரிந்துகொண்டாய்.

அப்புறம் ஒரு சின்னப் பத்திரிகையில் உன் கட்டுரை வந்தது. அதில் ஒரு தையல்காரி. ரொம்ப நல்லவள், தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுப்பாள், ஆனால் இரண்டு மணிக்குத்தான் வரச் சொல்வாள். எனக்குச் சுரீரென்றது.

“உனக்குத் தச்சுக் குடுத்ததுக்கு இதுதானா?”

“தப்புன்னு எழுதலியே யக்கா. ரெண்டு மணின்னுதான் எழுதினேன். பொய்யா அது?”

பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. நீ வருவது குறைந்தது.

உன் புத்தகம் வெளிவந்த வருடம், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், காலை பத்தரை மணிக்கு நீ வந்தாய். கடைக்குள் நிற்க இடமில்லை. படியேறி வந்து, கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாய். தாம்பரத்தில் உன் புத்தகத்துக்குக் கூட்டம் போடுகிறார்கள், மேடையில் பேசப் போகிறாய், அதற்குப் புதுப் பிளவுஸ் வேண்டும் என்றாய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைத் தூக்காமலே சொன்னேன்: “ரெண்டு மணிக்கு வாயேன்.”

பச்சைத் துணியையும் இந்த மஞ்சள் பிளவுஸையும் மேஜை ஓரத்தில் வைத்தாய். “அளவு இதுல கீது” என்றாய். படியிறங்கிப் போய்விட்டாய்.

மற்ற துணிகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அன்றே உன்னுடையதைத் தைத்தேன். ஹேங்கரில் மாட்டி வைத்தேன். தினமும் இரண்டு மணிக்கு வாசலைப் பார்ப்பேன். நீ வரவில்லை. வேறொரு பழைய பிளவுஸோடுதான் மேடையில் பேசினாயாம். உன் பேச்சைக் கேட்க நான் வரவில்லை. தீபாவளி வேலை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பண்டிகை முடியட்டும், வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உன் தோழிகள் வெளியே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். பச்சைப் பிளவுஸை அவர்கள்தான் என்னிடமிருந்து வாங்கி, உன்னை எடுப்பதற்கு முன் போட்டுவிட்டார்கள். “அளவு கரெக்டா இருந்துச்சுக்கா” என்று ஒருத்தி வந்து சொன்னாள்.

அன்றிலிருந்து இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிடுகிறேன். மூன்றரைக்குத்தான் திறப்பு. இனி யாரையும் இரண்டு மணிக்கு வரச் சொல்ல முடியாது. பட்டப்பகலில் பூட்டினால் வியாபாரம் என்னாவது என்று என் வீட்டுக்காரர் கத்திப் பார்த்தார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உன்னைப் போன்றவள். பதினோரு மணி, கடை நிறையக் கூட்டம். கையில் துணி மட்டும் இருந்தது. வாசலிலேயே நின்று, “கூட்டமா கீதே, அப்பால வரட்டா?” என்றாள்.

“உள்ள வா” என்றேன். “கையத் தூக்கு.”

எல்லாருக்கும் முன்னால், டேப் நன்றாகப் படும்படி, நிதானமாக அளந்தேன். பெஞ்சில் இருந்த ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உன் மஞ்சள் பிளவுஸைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். உள்ள வா. இரண்டே வார்த்தை. அன்றைக்கு உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.