ஒன்பதாவது படம்

அண்ணா,

நேற்று என் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாடை முதலில் உள்ளே நுழைந்தது, ஆள் பின்னால் வந்தார். பல்லாவரம் தோல் ஷெட்டு என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. சீட்டைக்கூடப் பார்க்காமல் உங்கள் பெயரைச் சொல்லி, எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உனுக்குத் தெரியாதாம்மா? போன மாசமே பூட்டாரே. வெட்டிட்டாங்க."

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் இந்தக் கடிதம் இங்கேயே நின்றுவிடும்.

நீங்கள் முதன்முதலில் தாம்பரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் பிசியோதெரபி படித்து முடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜனங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. என்னை 'எக்சர்சைஸ் அம்மா' என்பார்கள். உங்கள் வலது தோளின் பின்பக்கத்திலிருந்து பாதிக் கை வரைக்கும் தையல் போட்ட தழும்பு. வெட்டியது உங்கள் மச்சான், உங்கள் மனைவியின் தம்பி. அதே ஷெட்டில் உங்களுக்குப் பக்கத்துக் கட்டையில் தோல் வழித்தவன். சீட்டில் 'தகராறு' என்று மட்டும் எழுதியிருந்தது. மீதியை நீங்களே கூசாமல் சொன்னீர்கள்.

"நான் என் பொண்டாட்டிய அடிச்சேன். அக்காவ அடிச்சா தம்பிக்காரன் பாத்துகினு இருப்பானா? கத்திய எடுத்துட்டான். இப்ப ஜெயில்ல கீறான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதி நியாயம் அவன் பக்கம் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது. உங்கள்மேல் இரக்கம் வரவில்லை.

என் சுவரில் ஒரு படத்தாள் மாட்டியிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தோள் என்றால் பன்னிரண்டு படம், பன்னிரண்டு பயிற்சி. பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அதே பன்னிரண்டு, ரயில்வே கலாசிக்கும் அதே பன்னிரண்டு. ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே ஏற்றச் சொன்னால் நீங்கள் நாலு விரற்கடை ஏற்றிவிட்டு நின்றுவிடுவீர்கள். "செவுத்துல ஏற நான் இன்னா பல்லியா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மூன்றாவது வாரம் என் பொறுமை போய்விட்டது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதை நான் அந்த வயதில் வைத்தியமாகவே நம்பினேன். உங்களை மேசையில் படுக்கவைத்து, முழங்கையைப் பிடித்து, என் முழு எடையையும் போட்டு மேலே தள்ளினேன். உள்ளே எதுவோ கிழிகிற சத்தம் எனக்கே கேட்டது. நீங்கள் போட்ட அலறலில் ஒத்தடத்துக்காகச் சூடான மெழுகுச் சட்டியில் கையை வைத்திருந்த பெரியவர் எழுந்து வெளியே ஓடினார். உங்கள் இடது கை என் கன்னத்தில் இறங்கியது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நான் யோசிக்கவேயில்லை. திருப்பி ஓங்கி அறைந்தேன்.

இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். நீங்கள்தான் முதலில் வாயைத் திறந்தீர்கள். "பொம்பளைய அடிச்சதுக்குத்தான் அந்தக் கை வெட்டுப்பட்டுச்சி. இப்போ இதுவும் அடிச்சிட்ச்சே" என்று இடது கையையே பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "இத்தன நாளா இழுக்குறியே, நான் இன்னா வேல செய்றேன்னு ஒரு தபா கேட்டியாம்மா?"

கேட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ரயிலேறிப் பல்லாவரத்துக்கு வந்தேன். மூக்கைப் பொத்தியபடி ஷெட்டுக்குள் நின்ற என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சரிவாக நட்ட மரக்கட்டை, அதன்மேல் ஈரத்தோல், இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தி. வயிற்றைக் கட்டையில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் சதையை மேலிருந்து கீழே வழித்துத் தள்ள வேண்டும். உங்கள் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் உங்கள் மச்சானின் கட்டையும் காலி. அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. இந்த வேலைக்குக் கை மேலே போகவே வேண்டாம். முன்னால் நீண்டு, எதிர்த்து நிற்கும் பாரத்தைத் தள்ள வேண்டும். நான் மூன்று வாரமாக உங்களுக்குத் தேவையே இல்லாத திசையில் உங்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் படத்தாளைக் கிழித்தெறிந்தேன். என் அறையில் ஒரு தென்னைமரத் துண்டைச் சாய்த்து நட்டு, நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தி, கத்திக்குப் பதில் உருட்டுக்கட்டை ஒன்றைக் கையில் கொடுத்தேன். "தோளைக் காதுக்கு ஏத்தாதீங்க அண்ணா. இடுப்புலேர்ந்து தள்ளுங்க. தள்ளும்போது மூச்சை விடுங்க." நீங்களும் என்னைத் திருத்தினீர்கள். "அப்டி இல்லம்மா, பின்னங்கால் இன்னும் தள்ளிப் போவணும்." முதலில் பத்து தடவை, அப்புறம் இருபது. சாக்குக்கு அடியில் மணல் பையை வைத்துப் பாரத்தை ஏற்றினேன். நாலு மாசத்தில் கை முன்னால் நன்றாக நீண்டது. பக்கவாட்டில் தோள் மட்டம் வரைக்கும் வந்தது.

அதற்குள் யாருக்கும் பயிற்சி எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. நீங்கள் கொடுத்த பழக்கம்தான் அது. 'இது சரியானா முதல்ல என்ன செய்வீங்க?' ஒரு டீச்சர், தலை பின்னிக்கொள்வேன் என்றார். ஒரு பெரியவர், யார் உதவியும் இல்லாமல் சட்டை போடுவேன் என்றார். உங்களிடமும் கேட்டேன். நல்ல இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒருவன் கழுத்து இருக்கும் உயரத்துக்கு இறக்கிக் காட்டினீர்கள்.

"அவன் வெளிய வரட்டும். ஒரே வெட்டு. இந்தக் கை இந்த மாரி மேல போய் வரணும். அத்த சொல்லிக் குடும்மா."

தண்ணீர் கேட்கிற குரலில் கேட்டீர்கள். ஷெட்டிலும் இதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு உங்கள் தோளை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் வரும் அண்ணா. உள்ளே நரம்பு அறுந்துபோச்சு. இதுக்கு மேல கர்த்தரே வந்தாலும் ஏறாது" என்றேன். அது பொய். இன்னும் இரண்டு மாசம் உழைத்திருந்தால் ஏறியிருக்கும். அறைக்கு அறை வாங்கிக்கொண்ட அந்த நாளிலிருந்து நான் சொன்ன எதையும் நீங்கள் சந்தேகப்பட்டதில்லை. "நீ சொன்னா சரிம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். ஒரு கொலையைத் தடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அதற்கப்புறம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உங்களை அவ்வப்போது பார்ப்பேன். தோலை மூங்கிலில் தூக்கிக் காயப்போடப் பக்கத்து ஆளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். வீட்டில் இப்போதெல்லாம் கை நீட்டுவதில்லை என்று உங்கள் மனைவி என் காதில் சொன்னார். மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "அவன் மேல இருந்த கோவம் எங்க பூட்ச்சின்னே தெர்லம்மா" என்றீர்கள். அந்த நிமிஷமே மீதிப் பயிற்சிக்கு உங்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்க வேண்டும். வரச் சொன்னால் பொய் சொன்னதை ஒத்துக்கொள்ள வேண்டுமே. வாய் வரவில்லை. காய்கறி விலையைப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

இனி நேற்று வந்தவர் சொன்னது. போன மாசம் உங்கள் மச்சானுக்கு விடுதலை. நீங்கள் வெட்டப்போவதாகச் சொன்ன பேச்சு ஜெயிலுக்குள் அவன் காதுவரை போயிருந்தது. பேச்சு போன வேகத்தில், உங்கள் கோபம் தீர்ந்த சேதி போகவில்லை. "அக்காதான், தம்பிய வூட்டுக்குக் கூட்டினு வந்துடுன்னு இவர அனுப்புச்சி. வெறுங்கையோடதான் போனாரு. நானும் கூடப் போனேன்." ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ் ஸ்டாப்பில் அவன் இறங்கினான். நீங்கள் எதிரே வருவதைப் பார்த்ததும் வரும் வழியில் வாங்கி இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவிவிட்டான். முந்திக்கொள்ளாவிட்டால் செத்தோம் என்று நினைத்தான். உங்கள் இடது கையைப் பிடித்துக்கொண்டு தலையைப் பார்த்து ஓங்கினான்.

"வலது கைய தூக்கித் தடுத்திருந்தா கையோட போயிருக்கும்மா. தூக்கத்தான் தூக்குனாரு, நான் பாத்தேன். இங்க வந்து நின்னுடுச்சி." சொல்லிவிட்டு அவர் தன் தோள் மட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

ஓங்குவதற்கும் தடுப்பதற்கும் தோளுக்கு ஒரே அசைவுதான் அண்ணா. நான் கிழித்துப் போட்ட தாளில் அது ஒன்பதாவது படம். அதைப் படித்துத் தேர்வு எழுதியவள் நான். 'ஒரே வெட்டு' என்று உங்கள் வாயால் கேட்ட பிறகு அது எனக்கு வெட்டாக மட்டுமே தெரிந்தது.

அவர் போன பிறகு மத்தியானம் முழுக்க யாரையும் தொட முடியவில்லை. பொய் சொன்ன அன்றைக்கு உங்கள் முழங்கையை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தேன் அல்லவா? தோள் எலும்பில் இடித்து நிற்கவில்லை. ஈரத்தோலை இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்குமே, அந்த மாதிரி இளகிக் கொடுத்தது. மேலே வருகிறேன் என்று வந்தது. நான்தான் கையை எடுத்துக்கொண்டேன்.