அக்கா உயரத்தில் ஒரு மெழுகுதிரி

நவம்பர் 10, திங்கள்

மழை. நான் வேலை செய்யும் சினோரா வீட்டு ஜன்னல் கண்ணாடி முழுதும் துடைத்தேன், துடைத்த கையோடு திரும்ப நனைந்தது. வாங்க: வெங்காயம், சோப்பு, இவருக்குத் தலையிடிக் குளிசை.

அக்கா மன்னாரிலிருந்து ஃபோன் எடுத்தாள். சனிக்கிழமை இருதய ஒப்பரேஷன். அதற்கு முன் மாதாவுக்குத் தன் உயரத்தில் மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தியாம். நான் இங்கே இத்தாலியில் கொளுத்த வேண்டுமாம், அவள் வீடியோவில் பார்ப்பாளாம். அங்கே கோயிலுக்கா பஞ்சம் என்றேன். "சொன்னதைச் செய். எல்லாத்துக்கும் கேள்வி கேக்காதை." நெஞ்சில் வருத்தம், அதிகாரத்தில் ஒரு குறையும் இல்லை.

நவ. 11, செவ்வாய்

வியா மக்வேதாத் தெருப் பக்கம் கோயில் சாமான் கடை. அக்கா உயரத்துக்கு இல்லை. இடுப்பளவு வாங்கினேன். பஸ்ஸில் எல்லாருக்கும் வேடிக்கை.

கோயிலில் மெழுகுதிரித் தட்டையே காணோம். புதிதாக ஒரு பெட்டி. காசு போட்டால் பல்பு எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறது. கோயில் பார்க்கும் கிழவர் கூரையைக் காட்டினார். புகையில் ஓவியம் கறுக்கிறதாம், பழையதைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடாம். ஓவியம் பழசு, சரி. நேர்த்தி என்ன நேற்று வந்ததா? இத்தாலியனில் சண்டை பிடிக்க வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். எரிச்சல் தாங்கவில்லை.

நவ. 12, புதன்

பல்லரோ சந்தையில் மீன் சரியில்லை.

இவர் ஃபோனில் ஒரு மெழுகுதிரி காட்டினார். ஊதினால் அணைகிறது. இதையே காட்டு, அக்காவுக்குத் தெரியாது என்கிறார். மனுசனா இவர்?

நான் மட்டும் என்ன திறம். கோயிலுக்குப் போய்ப் பெட்டியில் காசு போட்டு, அக்காவுக்கு வீடியோ எடுத்து, ஃபோனைத் தள்ளிப் பிடித்தேன்.

"கிட்டக் கொண்டு வா."

கொண்டு போனேன்.

"அது பல்பு," என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

நவ. 13, வியாழன்

எடுக்க எடுக்கப் பதில் இல்லை. மத்தியானம்தான் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஊர்க் கோயிலில் உன் மகளைக் கொளுத்தச் சொல்லேன், ஏன் என் உயிரை வாங்குகிறாய் என்று கத்தினேன்.



"இஞ்சையும் பல்புதான். போய்ப் பாத்திட்டுத்தான் உன்னட்டைக் கேட்டனான். அங்கை எண்டாலும் நெருப்பு இருக்கும் எண்டு நினைச்சன்." பிறகு மெதுவாக, "பயமாக் கிடக்கு."

சினோராவின் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவ. 14, வெள்ளி

மழை இல்லை, காற்று. அரை நாள் லீவு. சினோரா முகத்தை நீட்டினாள், நீட்டட்டும்.

பல்கனி. காயப்போட்ட துணி முழுதும் உள்ளே. வாளி நிறைய அரிசி, அதில் மெழுகுதிரி. இன்னும் அக்கா உயரம் வரவில்லை. வாளியைக் கதிரையில் ஏற்றினேன், வந்தது. மாதா படம் சுவரில். தீப்பெட்டியில் பாதி காற்றுக்கே போனது. கடைசியில் பிடித்தது.

வீடியோவில் அக்கா, ஆஸ்பத்திரிக் கட்டிலில். கிட்டக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"ஓம். இது நெருப்பு."

செபம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் காற்று, சுடர் படுத்துவிட்டது. நான் ஓடிப்போய் மறைப்பதற்குள் ஃபோனில் படம் இருண்டுவிட்டது. லைன் போய்விட்டதென்று நினைத்தேன். இல்லை. செபம் கேட்கிறது. அங்கிருந்து கையைக் குவித்து ஃபோனை மறைத்துப் பிடித்திருக்கிறாள், இங்கே சுடரில் காற்று படாமல்.

கையை எடு அக்கா, ஒன்றும் தெரியவில்லை என்று கத்தினேன். செபம் முடியும்வரை எடுக்கவில்லை.