பத்து எழுத்தில் அடங்காத பெயர்

பட்டினச்சேரி,
9.7.2006

அன்பு மகன் ஆனந்தராஜுக்கு அம்மா அஞ்சுகம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி காவ்யாவும் நலமாக இருக்கிறோம், நீ அங்கே சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் அம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தகரக் கொட்டகையை விட்டு வந்து இந்தப் புது வீடு பழகிவிட்டது, சமையல் அறையில் மட்டும் புகை வெளியே போக வழியில்லை. தடைக்காலம் முடிந்து அப்பா மறுபடியும் நீலமேகத்தின் ஃபைபர் போட்டில் போகிறார், இந்த வாரம் கொஞ்சம் சங்கராவும் கெளுத்தியும் கிடைத்தது. அவருக்கு முதுகு வலி இருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் காவ்யா அந்த வீடியோ கேமை வைத்து விளையாடுகிறாள் என்று நான் சொன்னதும், "அதைத் தூக்கிக் கடல்ல போடுங்கம்மா" என்று கத்திவிட்டு நீ வைத்துவிட்டாய். பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள், என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி. அது தம்பிக்காக நீ ஆசையாக வாங்கியது என்று எனக்குத் தெரியாதா. கடல் ஏறி வந்து அவனைக் கொண்டுபோன பிறகு, பொங்கலுக்கு லீவில் வந்த உன் கூட்டாளி ஜெகபர் சாதிக் நீ கொடுத்தனுப்பிய அந்தப் பொட்டலத்தைக் கொட்டகை வாசலில் வைத்துக்கொண்டு நின்றானே, கொடுக்கவும் முடியாமல் எடுத்துக்கொண்டு போகவும் முடியாமல், அந்தப் பிள்ளை முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான்தான் வாங்கிப் பழைய சேலையில் சுற்றி வைத்தேன். வீடு மாறும்போது காவ்யா கண்ணில் பட்டுவிட்டது.

முதலில் எனக்கும் ஆத்திரம்தான். ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது, "திரிபுரா, நீ சண்டைக்குப் போவாத, உனக்கு உடம்பு சரியில்ல, செத்த நேரம் தூங்கு" என்று. அடுத்த தெரு மாரிக்கண்ணுவின் மகள் திரிபுரசுந்தரியை உனக்குத் தெரியும், காவ்யாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், அவளும் அன்றைக்கே போய்விட்டாள். என்னடி இது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நத்தை மாதிரி ஒன்று, இறக்கை முளைத்த பூச்சி மாதிரி ஒன்று, இப்படி ஏதேதோ பிராணிகள். காட்டில் போய் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டுமாம், பிடித்தால் என்ன பேர் வைக்கிறாய் என்று அதுவே கேட்குமாம். இவள் எல்லாவற்றுக்கும் நம் ஊரில் போன பிள்ளைகள் பேரை வைத்திருக்கிறாள். இங்கிலீஷில் பத்து எழுத்துக்கு மேல் இடம் இல்லையாம், அதனால் திரிபுரசுந்தரி திரிபுரா ஆகிவிட்டாள். ஏன்டி இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "ஸ்கூல்ல டீச்சர் இப்ப அவங்க பேரையெல்லாம் கூப்பிடறதில்லம்மா, நான்தான் கூப்பிடறேன்" என்றாள்.

மாரிக்கண்ணு காதுக்குப் போனால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன், போய்விட்டது. ஒரு சாயங்காலம் மீன் விற்றுவிட்டு வந்தவள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, எம்மவளைக் காட்டு என்று காவ்யா முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இவள் காட்டினாள், அந்த நத்தையை. மாரிக்கண்ணு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இது என்னத்தைத் தின்னும் என்று கேட்டாள். பழம் தின்னும் அத்தை என்றாள் காவ்யா. "எம்மவ பழத்தைத் தொடவே மாட்டாளேடி, கருவாடு இருந்தாத்தான் சோறு எறங்கும்" என்று சொல்லிச் சிரித்தாள் பார், அவள் சிரித்து எத்தனை காலம் ஆகிறது, சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்பி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இப்போதெல்லாம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது, எங்க வூட்டுப் பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.

இவ்வளவு பேருக்கும் பேர் வைத்தவள் நம் கவியரசன் பேரை மட்டும் வைக்கவில்லை. இங்கிலீஷில் எழுதினால் பதினொரு எழுத்து வருகிறதாம், ஒரு எழுத்து கூடுதல். ஒன்றை விட்டுவிட்டு எழுதேன் என்றேன், என் தம்பி பேரை வெட்ட மாட்டேன் என்றுவிட்டாள். சரி, கவி என்று மட்டும் போடு என்றேன். "கவின்னு நம்ம வூட்ல யாரும்மா அவனைக் கூப்பிட்டா" என்று அழுகிறாள். அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கடல் ஏறி வந்த நாளிலிருந்து அவர் பிள்ளை பேரை எடுத்ததே இல்லை, நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார், உனக்குத் தெரியாது. அவர் அங்கிருந்தே, "கெளுத்தின்னு போடு பாப்பா, நான் அப்படித்தானே கூப்புடுவேன்" என்றார். நீ போன பிறகு வைத்த பேர் அது. கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுவான், பிடித்தால் கடிப்பான், அதற்காக வைத்தது. ஈரக் காலோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த எழுத்து, எங்கே அமுக்குவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே விரலால் அமுக்கினார். பேர் வந்ததும் கெளுத்தி என்று வாய் விட்டு ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு கொல்லைப் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார் ஆனந்து, ஒன்றரை வருஷமாக அழாத மனுஷன். நான் போய்த் தடுக்கவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அவனைப் பற்றி மூன்று பேரும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

அதனால் அதைத் தூக்கிப் போடச் சொல்லாதே ராஜா. நீ அனுப்பியது பிந்தி வந்தது உன் குற்றம் இல்லை, ஓவர்டைம் பார்த்து வாங்கின பொருள் வீணாகவும் போகவில்லை. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் ஒரு மணி நேரம்தான் விளையாட வேண்டும் என்று அவளுக்குக் கண்டிப்பு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நேற்று புதிதாக ஒன்றைப் பிடித்திருக்கிறாள், நாய்க்குட்டி மாதிரி அழகாக இருக்கிறது. அதற்கு அண்ணன் பேரை வைக்கப் போகிறேன் என்றாள். அவன்தான் இருக்கிறானேடி என்று அதட்டினேன். "அண்ணனும்தான் வர்றதில்ல, பேசறதில்ல" என்று திருப்பிச் சொன்னாள். ஆனாலும் அந்தக் கேமை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். உன் பேரை அதில் எழுத விடமாட்டேன். உன்னைக் கூப்பிட நான் இருக்கிறேன்.

கம்பெனியில் சொல்லி லீவு போட்டுக்கொண்டு ஒருதரம் வா. கடற்கரைக்கு உன்னை யாரும் கூப்பிட மாட்டோம், வீட்டிலேயே இரு. சளி பிடித்தால் தலைக்குக் குளிக்காதே. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுப்பாள், அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குக் காவ்யாவையும் கூட்டி வருகிறேன், மறக்காமல் போனை எடு, அவளிடம் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசு. பேச்சு வராவிட்டால் அழு, நாங்கள் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அ. அஞ்சுகம்