மாங்கொட்டைக்குச் சாட்சி

ஹாம்பர்க், ஜெர்மனி
3.6.2007

அன்புள்ள அக்காவுக்கு,

மாதேஸ்வரன் எழுதுவது. நான் இங்கு நலம். என் மருமகள் சுவாதி காலேஜ் முடித்துவிட்டாளா? இங்கே கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், ஊரே புல்தரையில் வந்து படுத்துக்கொள்கிறது. நம்மூர் வெயிலைக் காட்டினால் என்ன செய்வார்களோ.

ஒன்று கேட்க வேண்டும். உன் நர்சரிக்குப் பக்கத்து மாங்கூழ் ஆலையில், கூழ் எடுத்தபின் மிஞ்சும் கொட்டைகள் என்ன ஆகின்றன? யாராவது எடுத்துப் போகிறார்களா, கிடந்து அழுகுகின்றனவா? கொஞ்சம் விவரமாக எழுது.

அன்புடன்,
தம்பி மாதேசு

குருபரப்பள்ளி
24.6.2007

அன்புத் தம்பி மாதேசுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். உன் மாமா போனபிறகு நான் ஒருத்தியாக இந்த நர்சரியைக் கட்டி இழுக்கிறேன். செடி விற்கிறதா என்று ஒருநாள் கேட்டிருப்பாயா? இப்போது திடீரென்று மாங்கொட்டைமேல் என்ன பாசம்?

இருந்தாலும் கேட்டுவிட்டாய். கொட்டை எங்கே அழுகுகிறது? சீசனில் ஆலை கேட்டுக்கு முன்னால் நர்சரிக்காரர்கள் டிராக்டரோடு காத்துக் கிடக்கிறோம். பெங்களூரா மாங்கொட்டையை ஈரம் காயுமுன் பாத்தியில் போட்டால்தான் முளைக்கும். அந்தக் கன்றில்தான் ஒட்டுக் கட்டுகிறோம். கழித்த கொட்டையை நம் தெரு நஞ்சம்மா போன்ற ஏழைப் பெண்கள் உலர்த்தி அடுப்பெரிக்கிறார்கள். கொட்டை இல்லையென்றால் எனக்குப் பிழைப்பே இல்லை.

போன வாரம் ஆலையில் எங்களைக் கூப்பிட்டுக் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். இனிமேல் கொட்டையெல்லாம் பாய்லருக்காம். வெளிநாட்டு ஆபீஸிலிருந்து யாராவது கேட்டால், இத்தனை நாள் அழுகித்தான் போனது என்று சொல்ல வேண்டுமாம். மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். அவருக்கும் உனக்கும் என்ன தொடர்பு? நேராகச் சொல். நான் எழுதியது உன்னோடு இருக்கட்டும்.

அக்கா சரஸ்வதி

ஹாம்பர்க்
15.7.2007

அன்புள்ள அக்கா,

எனக்கும் மேனேஜருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பூமி சூடாவதைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதன்படி, நம்மூர் ஆலை ஒன்று புகையைக் குறைத்தால், இங்குள்ள ஆலை பணம் கொடுத்து அந்தக் குறைவைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எண்ணெயை விட்டுவிட்டு, வீணாகும் கொட்டையை எரிக்கப்போவதாக உங்கள் ஆலை விண்ணப்பித்திருக்கிறது. அதைச் சரிபார்ப்பது எங்கள் ஆபீஸ். கோப்பு பக்கத்து மேசைக்காரரிடம் இருக்கிறது. கொட்டை வீணாகவில்லை என்றால் கணக்கே பொய்; அதைப் பறிகொடுத்த நஞ்சம்மா வேறு எதையாவது எரிப்பாள், புகை குறையாது. இங்கே ஒருவன் தைரியமாகக் கூடுதலாகப் புகை விடுவான், அவ்வளவுதான் மிச்சம்.

நீ பயப்படாதே. உன் பேர் எங்கும் வராது.

மாதேசு

குருபரப்பள்ளி
5.8.2007

அன்புத் தம்பிக்கு,

பேர் வராது என்று எழுதியிருக்கிறாய். கடிதம் வெளியே போகாது என்று எழுதவில்லை. அதைக் கவனிக்காமல் இருக்க நான் என்ன பச்சைப்பிள்ளையா?

உங்கள் கணக்கு மெய்யோ பொய்யோ, நாளைக்கு ஆலை கேட்டில் போய் நிற்கப்போவது நான்தான். ஒரே ஒரு காரியம் செய். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

பக்கத்து வீட்டு ஆஞ்சப்பன் மகன் அங்கே வருகிறான். மாவடு கொடுத்தனுப்புகிறேன். தினமும் ரொட்டியைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

ஹாம்பர்க்
2.6.2008

அன்புள்ள அக்கா,

இத்தனை மாதம் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. முடிவு தெரிந்தபின் எழுதலாம் என்றிருந்தேன். ஆலையின் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. உன் கடிதத்தில் ஒரு பத்தியை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பேர் போடவில்லை. குருபரப்பள்ளி அருகே நர்சரி நடத்தும் ஒரு பெண் என்றுதான் போட்டேன். இனி கொட்டை பாய்லருக்குப் போகாது, பழையபடி உங்களுக்கே. ஆபீஸில் எல்லோரும் பாராட்டினார்கள். உனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாதேசு

குருபரப்பள்ளி
30.7.2008

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது.

இந்த ரோட்டில் நர்சரிகள் நிறைய. பெண் நடத்துவது ஒன்றே ஒன்றுதான். தாங்கள் போடாமல் விட்ட பேரை, ஆலைக்கு வந்த தள்ளுபடி அறிக்கையைப் படித்த மேனேஜர் சிரமமில்லாமல் போட்டுக்கொண்டார். சீசன் தொடங்கியதும் மற்றவர்களுக்குக் கொட்டையை அள்ளிக் கொடுத்தார். என் டிராக்டரை மட்டும் கேட்டிலேயே நிறுத்திவிட்டு, "கொட்டையா? ஜெர்மனியில உங்க தம்பி இருக்காரே, அவருகிட்டயே கேட்டுக்குங்கம்மா" என்றார். எனக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தால் தமக்கும் கிடைக்காமல் போகுமோ என்று மற்ற நர்சரிக்காரர்கள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பாத்திகள் காலியாகக் கிடக்கின்றன.

கணக்கு பொய் என்று கண்டுபிடித்தது சரிதான். பூமிக்கு நல்லதுதான் செய்திருக்கிறீர்கள். கடிதத்தைக் காட்டலாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானே என் பேரைப் போட்டு எழுதிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்காமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை. தம்பிக்கு எழுதிய கடிதம் அது.

ஆனி மாதம் சுவாதிக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தாய்மாமன் முறைக்கு ஆஞ்சப்பன் நின்றார்.

இப்படிக்கு,
சரஸ்வதி