செல்லையா வண்டியின் சத்தம்

என் அருமை மாப்ளே செல்லையா,

செத்ததுதான் செத்தாய், அந்தக் கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டுச் செத்திருக்கக் கூடாதா? இப்படியா ஒரு கடிதத்தை ஆரம்பிப்பது என்று பேச்சி கேட்பாள். கேட்கட்டும். அவள் உனக்குப் பெண்டாட்டி ஆவதற்கு முன்னால் எனக்குத் தங்கச்சி. அதற்கும் முன்னாலிருந்தே நீ எனக்குக் கூட்டாளி. உன்னைத் திட்டுவதற்கு நான் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

உன் புல்லட் ஓடுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ போனபிறகு கொஞ்ச காலம் கார் ஷெட் பக்கமே நான் போகவில்லை. கார் ஷெட் என்று பேர்தான், இந்த ஜென்மத்தில் அதில் கார் நின்றதில்லை. நாம் அக்கக்காகக் கழற்றிப் போட்ட உன் வண்டி அதற்குள் கிடந்தது. டேங்க் ஒரு மூலையில், சைலன்சர் ஒரு மூலையில், இன்ஜின் சாக்கின் மேல். என் வீட்டுக்காரி பேத்தி பிறந்ததிலிருந்து கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன் போட்டால் பேத்தி அழுவதும் குக்கர் விசிலடிப்பதும் என் காது மெஷினில் ஒரே மாதிரிதான் கேட்கிறது. இங்கே ஒரு தட்டு, ஒரு தம்ளர். கழுவிக் கவிழ்த்தால் மறுபடி அதையே எடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்? ஒருநாள் போய் ஷெட்டைத் திறந்தேன்.

என் காதை நான் வேலை பார்த்த செங்கோட்டை மர மில் வாள் தின்றுவிட்டது என்று நீதான் ஊரெல்லாம் சொல்லுவாய். உன் காதோ பாத்திரக்கடைக் காது. குடத்தை விரலால் சுண்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கீறலைச் சொல்லிவிடுவாய். சிலிண்டர் ஹெட்டையும் அப்படித்தான் ஒரு சுண்டு சுண்டி, ‘மச்சான், இது சொத்தை, வேற பாரு’ என்றாய். துடைத்துப் பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. பெருமையாகவும் இருந்தது.

நம் வேலை அப்படித்தானே நடந்தது? கை என்னுடையது, காது உன்னுடையது. நான் குந்தியிருந்து திருகைத் திருப்புவேன், நீ பின்னால் நின்று என் தோளில் கையை வைத்திருப்பாய். லேசாகத் தட்டினால் இன்னும் திருப்பணும். இறுக்கிப் பிடித்தால் போதும்.

அந்தத் தோள் பாஷை ரோட்டில் பிறந்தது. காது போனபிறகு என்னை யாரும் வண்டி எடுக்க விடவில்லை. மகள் சாவியை ஒளித்துவைத்தாள். நீதான் உன் புல்லட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினாய். ‘நீ ஓட்டுலே மச்சான். காது பின்னால உக்காந்திருக்கு’ என்றாய். புளியறை ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் என் வலது தோளில் உன் கை அமுங்கும். நான் ஒதுங்குவேன். ‘சரிலே மாப்ளே’ என்பேன். அப்படி எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

குற்றாலத்துக்குப் போனால் மெஷினைக் கழற்றி உன் சட்டைப்பையில் போட்டுவிட்டுத்தான் அருவிக்குள் நுழைவேன். அருவிக்கு அடியில் யாருக்குமே ஒன்றும் கேட்காது, எல்லோரும் கையைக் காட்டித்தான் பேசுவார்கள். உலகத்திலேயே அங்கே மட்டும்தான் நான் குறையில்லாத மனுசன். அதனால்தான் உன்னை அடிக்கடி அங்கே இழுத்தேன். உனக்குத் தெரியுமா அது? தெரிந்துதான் சளியும் இருமலுமாக இருந்தபோதுகூட என்னோடு வந்தாயா?

சரி, விசயத்துக்கு வருகிறேன். தனியாகவே பூட்டினேன். நீ இல்லாமல் செயினை மாட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. கிளட்ச் பிளேட்டை ஒருதரம் தலைகீழாக வைத்துவிட்டு, ‘என்னலே மாப்ளே, பாத்துக்கிட்டு சும்மா நிக்க?’ என்று திரும்பிக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்தார். ‘போன்ல பேசுதேன்’ என்றேன். என் கையில் போன் இல்லை. அவர் நல்ல மனுசன், தலையை இறக்கிக்கொண்டார்.

உதைத்ததும் இன்ஜின் பிடித்துவிட்டது. காலில் அதிர்வு ஏறியபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சத்தம் சரியா தப்பா என்று நான் யாரிடம் கேட்பேன்? வேறு வழியில்லாமல் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். தீப்பொறி விழுகிற பாயின்டைப் பார்த்தார், கார்புரேட்டர் திருகைத் திருப்பினார். ‘அண்ணாச்சி, தையல் மெஷின் கணக்கா ஓடுது. புது வண்டி தோத்துச்சு’ என்றார். நான் பூரித்துப்போனேன்.

நேராக மேலகரத்துக்கு விட்டேன். மெயின் ரோட்டுக்கு ஏறப் பயந்து, சந்துசந்தாக உருட்டாத குறையாக. உன் வீட்டு முன்னால் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். பேச்சி ஓடிவருவாள், என்னைப் பார்த்து அழுவாள் என்று என்னென்னவோ நினைத்துவைத்திருந்தேன். யாரும் வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், அவள் அடுக்களையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

‘ஏட்டி, வண்டிச் சத்தம் கேக்கலையா?’

‘கேட்டுச்சுண்ணே. யாரோ போறாகன்னு இருந்தேன்’ என்றாள்.

வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். டேங்கைத் தொட்டாள். பிறகு என் முகத்துக்கு நேராக நின்று, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: ‘உருப்படி அவுகளதுதாண்ணே. சத்தம் அவுகளது இல்ல. அவுக முக்குல திரும்பும்போதே எனக்குத் தெரியும். அடுப்புல தோசைக்கல்லப் போட்டிருவேன். செருப்பக் கழட்டி, கால் கழுவிட்டு வாரதுக்குள்ள கல்லு காஞ்சிரும். இந்தச் சத்தத்துக்கு நான் எதுக்குண்ணே எந்திரிக்கணும்?’

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, கடை இருக்கிறது. உன் சத்தம் மட்டும்தான் எங்கேயும் இல்லை. அது அந்த இன்ஜினுக்குள் இருந்தது, அதையும் நானே ஆள் வைத்துத் துடைத்து எறிந்துவிட்டேன். நீ வேண்டுமென்றே அதை அணையப்போகிற மாதிரி மெதுவாக ஓடவிடுவாயே, மெக்கானிக் யாரையும் அந்தத் திருகில் கை வைக்க விடமாட்டாயே, அது எனக்கு ஏன் நினைவில்லாமல் போனது? கேட்டறியாத சத்தத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஷெட்டுக்கு வந்து காது கொடு என்று பேச்சியைக் கூப்பிட்டேன். மாட்டேன் என்றாள். மறுபடி கூப்பிட்டேன். ‘திரும்பக் கேட்டா நான் தாங்குவனாண்ணே?’ என்றாள்.

குற்றாலச் சீசன் தொடங்கி, முதல் சாரல் விழுந்த சாயங்காலம் அவளாகவே வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, ‘என்ன செய்யணும், சொல்லு’ என்றாள். நம் தோள் பாஷையைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் கை உன் கையைவிடச் சின்னது. கனமே இல்லை.

பாயின்டை நகர்த்தினேன். தட்டினாள். திருகைத் திருப்பினேன். தட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி முதலிலிருந்து. வண்டி அணையும், உதைப்பேன். சாரல் உள்ளே அடித்தது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் இன்ஜினை மெதுவாக்கிக்கொண்டே போனேன். நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று பயந்துகொண்டே திருப்பினேன்.

அவள் கை இறுகியது. இறுகினது விடவே இல்லை, நகம் சட்டையைத் தாண்டிப் பதிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் வண்டியைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

‘என்னட்டி?’

‘கல்லப் போடணும் போல இருக்குண்ணே’ என்றாள்.

அப்புறம் அவளே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். குற்றாலம் வரைக்கும் போவோம் என்றாள். மெயின் ரோட்டில், சாரலில், முகமெல்லாம் நனைந்துகொண்டு போனோம். வழியில் வலது தோள் அமுங்கியது. ஒதுங்கினேன். கேரளா பஸ் ஒன்று உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. நான் பாட்டுக்கு, வாய்விட்டு, ‘சரிலே மாப்ளே’ என்றேன்.

சொன்னபிறகுதான் உறைத்தது. தோளில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கேட்டிருப்பாள் மாப்ளே. அவளுக்கு நல்ல காது. அருவிக்குப் போய்ச் சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அருவிக்குள் போய் நின்றேன். எல்லோரும் கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சி பொம்பளைகள் பக்கம் போயிருந்தாள், எனக்குக் கையைக் காட்ட அங்கே யாரும் இல்லை.

அவளுக்கு அவள் சத்தம் கிடைத்துவிட்டது. எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், காலில் ஏறுகிற அதிர்வு. அது உன் சத்தம்தான் என்று அவள் சொல்லுகிறாள், நான் நம்புகிறேன். அது எப்படி இருக்கும் என்று உன்னிடம் ஒருதரமாவது கேட்டிருக்கலாம்.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்தத் திருகை இனி எவனும் தொடமாட்டான். நீ கடை அடைத்து வருகிற நேரத்துக்கு, நான் இருக்கிற வரைக்கும், சந்து வழியாகவே ஓட்டிக்கொண்டுபோய் அந்த முக்கில் திரும்புவேன். அவள் கல்லைப் போடட்டும். நான் செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, உனக்குச் சுட்ட தோசையைச் சாப்பிடுகிறேன்.

தோளைக் கொடுத்துக் காத்திருக்கும்
உன் மச்சான்,
சண்முகம்
தென்காசி